பெற்றோருடனும் எட்டு வயது மகளுடனும் பிரைட்டனில் இரண்டு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

வெண்ணாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். தஞ்சாவூரிலிருந்து என் தந்தையாரும் தாயாரும் ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்தின் லெஸ்டரிலுள்ள எங்கள் வீட்டிற்கு வருகிறார்கள். லண்டனை முந்தைய வருகையிலேயே பார்த்துவிட்டார்கள். இம்முறை கடலோர ஊர் ஒன்றில் ஓர் இரவு தங்கி இரண்டு நாள் சுற்றலாம் என்று எண்ணி, பிரைட்டனைத் தேர்ந்திருக்கிறோம். தந்தையார் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். எழுபத்திரண்டு வயதிலும் நாள்தோறும் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர். தாயாருக்கு முழங்கால் வலி உண்டு, முட்டைகூடச் சேர்க்காத சைவம். மகளுக்கு எட்டு வயது; கடலில் கால் நனைத்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்கிறாள்.

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் எல்லாம் ஒரே பத்து இடங்களை ஒரே வரிசையில் சொல்கின்றன. எதை விட்டுவிட்டால் இழப்பில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ளவே இங்கு கேட்கிறேன்.

ஹோவ்வாசி

பதினான்கு ஆண்டுகளாக இங்கு வசிப்பவன் என்ற உரிமையில் முதலில் ஓர் ஏமாற்றத்தைத் தடுத்துவிடுகிறேன். உங்கள் மகள் மெரினாவையோ வேளாங்கண்ணியையோ மனத்தில் வைத்திருந்தால், இங்கே மணல் இல்லை என்பதை வீட்டிலேயே சொல்லி அழைத்து வாருங்கள். கரை முழுவதும் கூழாங்கல். அருகிலுள்ள சுண்ணப் பாறைகளிலிருந்து கழன்று, அலையில் உருண்டு வழவழப்பான சக்கிமுக்கிக் கற்கள் அவை. வெறுங்காலால் நடந்தால் பத்தடிக்குள் முனகத் தொடங்கிவிடுவோம். ரப்பர் அடியுள்ள நீர்க்காலணி ஒரு சோடி வாங்கி வருவது நல்லது. வற்று வேளையில் நீர் நன்றாக இறங்கினால் மட்டும் கீழே சிறிது மணல் தென்படும். கரைக்குக் குறுக்கே கட்டப்பட்டுள்ள தடுப்புச் சுவர்களின் மேற்குப் பக்கத்தில் கற்கள் உயரமாகவும் கிழக்குப் பக்கத்தில் தாழ்வாகவும் கிடப்பதை மகளுக்குக் காட்டுங்கள். கடல் கற்களை எப்போதும் மேற்கிலிருந்து கிழக்கே தள்ளிக்கொண்டு போவதால் அவ்வாறு ஆகிறது. தந்தையார் ஆசிரியர் என்பதால் மீதியை அவரே விளக்கிவிடுவார்.

அடுத்து, பேலஸ் பியர். (தமிழில் எழுதும்போது இந்தச் சொல் பெரிய சங்கடம், "பியரில் அரைநாள் கழித்தோம்" என்று ஒருமுறை எழுதி, ஊரிலிருந்த சித்தப்பாவிடம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ஆகவே கடற்பாலம் என்றே எழுதுகிறேன்.) 1899-இல் திறக்கப்பட்ட இந்தக் கடற்பாலம் ஏறத்தாழ 525 மீட்டர் நீளத்திற்குக் கடலுக்குள் நீண்டு, முனையில் இராட்டினங்களைத் தாங்கி நிற்கிறது. 2024 முதல், கூட்டம் மிகுந்த பருவத்தில் வெளியூர்க்காரர்களிடம் சிறு நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். நடுவிலிருக்கும் காசுபோடும் விளையாட்டுக் கூடம் காதைச் செவிடாக்கும். அதற்குள் நுழையாமல் பக்கவாட்டில் வெளியே சென்றால் பலகை இடுக்குகளின் வழியே காலடியில் கடல் தெரியும். எனக்கு அந்தப் பாலத்தில் பிடித்தது அது ஒன்றுதான்.

தாயாரின் முழங்காலுக்கு ஏற்றது வோல்க் மின்சார ரயில். மேக்னஸ் வோல்க் என்ற உள்ளூர்க்காரர் 1883 ஆகஸ்ட் 4-ஆம் தேதி தொடங்கியது. உலகில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மின்சார ரயில்களில் இதுவே மூத்தது. கடற்பாலத்தின் அருகிலிருந்து கிழக்கே கரையோரமாக ஒரு மைல் தூரம் மெல்ல ஆடி ஆடிப் போகும். குளிர்காலத்தில் ஓடாது, ஆகஸ்டில் ஓடும். அதே மனிதர் 1896-இல் கடலுக்குள்ளேயே தண்டவாளம் போட்டு, உயரமான கால்களின் மீது நின்றபடி அலைகளுக்கு நடுவே நகரும் வண்டி ஒன்றையும் கிழக்கேயுள்ள ராட்டிங்டீன் கிராமம் வரை ஓட்டினார். தொடங்கிய சில நாளிலேயே புயல் அதைக் கவிழ்த்தது. சீர்செய்து மீண்டும் ஓட்டியும் 1901-க்கு மேல் நீடிக்கவில்லை.

நாலாம் பிளாட்பாரம்

லெஸ்டரிலிருந்து வருவதாயின் வழி எளிது. செயின்ட் பாங்க்ரஸில் இறங்கி, அதே நிலையத்தின் கீழ்த்தளத்துக்குப் போனால் பிரைட்டனுக்கு நேரடியாகத் தேம்ஸ்லிங்க் ரயில் இருக்கிறது. சுரங்க ரயிலில் பெட்டிகளோடு விக்டோரியாவுக்குப் போய் ஏற வேண்டியதில்லை. பெரியவர்களை அழைத்து வருபவர்கள் பலர் இதை அறியாமல் அலைகிறார்கள். பால்கம் நிலையத்தைத் தாண்டியதும் ஊஸ் பள்ளத்தாக்குப் பாலத்தின் மேல் ரயில் போகும். 37 வளைவுகள் கொண்ட செங்கற்பாலம், 1841-இல் லண்டன்–பிரைட்டன் பாதையோடு பயன்பாட்டுக்கு வந்தது. அதன் மேலேயே போவதால் அதன் அழகு நமக்குத் தெரியாது என்பது வேறு விஷயம். இரு பக்கமும் திடீரென்று நிலம் தாழ்வதைக் கவனித்தால் போதும்.

ஆனால் இரண்டு நாள் எதற்கு என்பதுதான் எனக்குப் புரியவில்லை. காலையில் வந்து ராயல் பெவிலியன் என்னும் அரண்மனை, கடற்பாலம், குறுகிய சந்துகளிலுள்ள கடைகள் மூன்றையும் பார்த்து, மாலை ஆறு மணி ரயிலில் திரும்பிவிடலாம். நான் நான்கு முறை அவ்வாறே செய்திருக்கிறேன். ஆகஸ்ட் வார இறுதியில் அறை வாடகையும் சாதாரணமாக இருக்காது.

ஏடும் எழுத்தும்

நாலாம் பிளாட்பாரம் நண்பர் சொன்ன ஒருநாள் திட்டத்தில் அரண்மனைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கினார் என்று தெரியவில்லை. தந்தையார் வரலாற்று ஆசிரியர் என்றால் அவரை அங்கிருந்து வெளியே கொண்டுவருவதற்கே அரைநாள் ஆகும். சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1750-இல் லூயிஸ் ஊரைச் சேர்ந்த மருத்துவர் ரிச்சர்ட் ரஸ்ஸல், கடல்நீரில் குளிப்பதும் அதைக் குடிப்பதும் நோய்தீர்க்கும் என்று இலத்தீனில் ஒரு நூல் எழுதினார். அதன் பிறகே மீனவர் குடியிருப்பாக இருந்த இந்த ஊருக்குச் செல்வந்தர்கள் படையெடுத்தார்கள். 1783-இல் முதன்முறை வந்தவர் பின்னாளில் நான்காம் ஜார்ஜ் ஆன இளவரசர். முதலில் ஒரு பண்ணைவீடு. பிறகு 1787-இல் ஹென்றி ஹாலண்ட் கட்டிய அடக்கமான மாளிகை. அதன்மேல் 1815 முதல் சில ஆண்டுகள் ஜான் நாஷ் கவித்தவைதான் இன்று நாம் காணும் வெங்காய வடிவக் குவிமாடங்களும் மினார்களும். வெளியே இந்தியா, உள்ளே சீனம். இளவரசரும் இந்தியாவைப் பார்த்ததில்லை, நாஷும் பார்த்ததில்லை. இந்தியக் கட்டடங்களைப் பற்றி அக்காலத்து இங்கிலாந்துக்குக் கண்ணாக இருந்தவை, தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியலும் நாடு முழுவதும் அலைந்து வரைந்து வெளியிட்ட படங்கள். அந்த இருவரும் மதுரையிலும் மாமல்லபுரத்திலும் உட்கார்ந்து வரைந்தவர்கள் என்பதைத் தந்தையாரிடம் சொல்லுங்கள். ஆனால் பிரைட்டனில் நிற்பது வடக்கின் மொகலாயச் சாயல்; நம் கோபுரத்தை அங்கே தேட வேண்டாம்.

விருந்து மண்டபத்தில் ஒரு வெள்ளி டிராகன் தன் நகங்களில் ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள சரவிளக்கைப் பிடித்துத் தொங்குகிறது. சமையலறைத் தூண்கள் இரும்பாலானவை. உச்சியில் செம்பாலான பனையோலைகள் விரிந்திருக்கும். தாயாருக்கு மற்ற அறைகளைவிட அந்தச் சமையலறை பிடிக்கும் என்று துணிந்து சொல்வேன். தரைத்தளத்தைச் சிரமமின்றிச் சுற்றலாம். மாடிக்கு மின்தூக்கி கிடையாது.

விக்டோரியா அரசிக்கு இந்த இடம் பிடிக்கவில்லை. 1850-இல் 53,000 பவுனுக்கு ஊராரே வாங்கிக்கொண்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள். 1914 டிசம்பர் முதல் 1916 ஜனவரி வரை, பிரான்சின் போர்முனையில் காயமுற்ற இந்தியச் சிப்பாய்களுக்கான மருத்துவமனையாக இந்த அரண்மனை இருந்தது. அருகிலுள்ள டோம் அரங்கிலும் கட்டில்கள் போடப்பட்டன. ஊரில் வேறு இரு இடங்களிலும் இந்தியர்களுக்கான மருத்துவமனைகள் இயங்கின. சமயத்திற்கும் சாதிக்கும் ஏற்பச் சமைக்க அரண்மனைத் தோட்டத்தில் ஒன்பது சமையற்கூடங்கள். நோயாளிகள் தங்கிய ஒவ்வொரு கூடத்திலும் இந்துக்களுக்கு ஒரு குடிநீர்க் குழாய், முஸ்லிம்களுக்கு ஒரு குழாய். மன்னர் தம் சொந்த அரண்மனையையே சிப்பாய்களுக்கு ஈந்துவிட்டார் என்ற எண்ணம் இந்தியாவில் பரவும்படி அரசு பார்த்துக்கொண்டது. படங்களோடு சிறு புத்தகம் அச்சிட்டு அனுப்பியதும் அதற்காகவே. கட்டடமோ அறுபத்து நான்கு ஆண்டுகளாக நகராட்சியின் சொத்து! மீர் தஸ்து என்ற ஜமேதாருக்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் விக்டோரியா சிலுவை என்னும் உயரிய வீரப்பதக்கத்தை அணிவித்தது 1915 ஆகஸ்டில் இந்தத் தோட்டத்தில்தான். தெற்கு வாயிலில் நிற்கும் குஜராத்திப் பாணித் தோரணவாயில், இந்திய மக்களும் அரசர்களும் நன்றியாக அளித்தது. 1921-இல் பட்டியாலா மகாராஜா திறந்துவைத்தார். பெரும்பாலோர் அதன் கீழே ஐஸ்கிரீமோடு நடந்து போகிறார்கள். நிமிர்ந்து பார்ப்பவர் அரிது.

உப்புக்காற்று

கடலில் இறங்குவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் நான் ஆண்டு முழுவதும் இங்கே நீந்துகிறவள். ஆகஸ்டில் நீர் 17, 18 டிகிரி இருக்கும். நம் ஊர்க் கணக்கில் இது குளிர்தான். குழந்தைக்கு நீச்சல் உடையின் மேல் மெல்லிய ரப்பர் சட்டை ஒன்று இருந்தால் அரைமணி நேரம் மகிழ்ச்சியாக இருப்பாள். குளிரைவிட அஞ்ச வேண்டியது சரிவை. கூழாங்கல் கரை செங்குத்தாக இறங்குவதால், நிறைநீர் வேளையில் அலை கரையின் மேலேயே வந்து அறைந்து, காலடியிலிருக்கும் கற்களையும் சேர்த்து இழுக்கும். முழங்கால் அளவு நீரில் நிற்பவர்கள்கூட விழுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே நீர் வற்றும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு, சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகளுக்கு இடையில், உயிர்காப்பாளர் கண் முன்னே மட்டும் இறங்குங்கள். காற்று அடிக்கும் நாளில் காற்றடைத்த மிதவைகள் வேண்டவே வேண்டாம். வடக்கிலிருந்து வீசினால் கடல் அமைதியாகத் தோன்றும், மிதவை மட்டும் பிரான்சை நோக்கிப் போகும்.

கடல் முரடாக இருந்தால், மதீரா டிரைவ் ஓரத்தில் 2023-இல் திறக்கப்பட்ட 50 மீட்டர் திறந்தவெளி நீச்சல்குளம் இருக்கிறது, ஆனால் அது நீந்தத் தெரிந்தவர்களுக்கானது. எட்டு வயதுக் குழந்தைக்கு, பிரைட்டனை ஒட்டியுள்ள ஹோவ் பக்கத்து விளையாட்டுத் திடல்களும் கரையோரக் குழந்தைக் குளங்களும் போதும்.

இன்னொன்று: கற்களைப் பையில் போட்டு ஊருக்குக் கொண்டுபோவதற்குத் தடை உண்டு. குழந்தை ஒன்றிரண்டை எடுத்தால் யாரும் துரத்தமாட்டார்கள், ஆனால் தாத்தா தோட்டத்திற்கென்று எடுக்கத் தொடங்கினால் தடுத்துவிடுங்கள்.

வெண்ணாற்றங்கரை

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ஏடும் எழுத்தும் ஐயாவின் பதிவைத் தொலைபேசியில் தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன். உடனே அவர் கேட்டது: "அங்கே இறந்துபோன சிப்பாய்களை என்ன செய்தார்கள்?" எனக்கு விடை தெரியவில்லை. யாரேனும் சொல்ல முடியுமா? மேலும், ஐ360 என்ற உயரமான தூணில் ஏறுவது பயனுள்ளதா? தாயாரின் உணவுக்கு என்ன வழி?

மேட்டுநடை

அந்தக் கேள்விக்கு விடை நகரத்தில் இல்லை, மேட்டின் மேல் இருக்கிறது. இந்த இழையில் இதுவரை ஒருவரும் கடலுக்கு முதுகைக் காட்டவில்லை என்பதே என் குறை.

மருத்துவமனைகளில் இறந்த முஸ்லிம் சிப்பாய்களை வோகிங் பள்ளிவாசலுக்கு அருகில் அடக்கம் செய்தார்கள். இந்துக்களும் சீக்கியர்களுமாக 53 பேரைப் பேட்சம் கிராமத்திற்கு மேலுள்ள புல்வெளி மேட்டிற்குக் கொண்டுபோய்த் தகனம் செய்தார்கள். அதே இடத்தில் எழுப்பப்பட்டதுதான் சத்திரி. எட்டுத் தூண்களின் மேல் வெண்பளிங்குக் குவிமாடம், வடிவமைத்தவர் ஈ. சி. ஹென்ரிக்ஸ் என்ற இந்தியக் கட்டடக் கலைஞர். 1921 பிப்ரவரி 1-ஆம் தேதி, பின்னர் எட்டாம் எட்வர்டு ஆன வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். தகன மேடைகள் இருந்த இடத்தை மூன்று பெரிய கருங்கல் பலகைகள் மூடியிருக்கின்றன. ஆங்கிலத்தோடு இந்தி, பஞ்சாபி, உருது மொழிகளிலும் கல்வெட்டு இருக்கிறது. பெயர்கள் மட்டும் தொண்ணூறு ஆண்டுகளாக அங்கே இல்லை. 2010-இல்தான் அருகில் ஒரு தனிக்கல் நாட்டி 53 பெயர்களையும் பொறித்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜூனில் நினைவுக்கூட்டம் நடக்கிறது.

சத்திரி என்றால் குடை. சத்ரபதி என்பதில் உள்ள அதே வேர். நம் அன்னசத்திரத்திற்கும் இதற்கும் உறவில்லை.

அங்கே வண்டி போகாது. பேட்சம் வரை நகரப் பேருந்தில் சென்று, ஏ27 நெடுஞ்சாலையைப் பாலத்தில் கடந்து, ஆட்டு மேய்ச்சல் நிலங்களின் வழியே அரைமணி முதல் முக்கால் மணி நேரம் ஏற வேண்டும். கதவுகளைத் திறந்தால் மூடிவிட்டு நடங்கள். நிழல் இல்லை, கடை இல்லை, கழிப்பறை இல்லை. நாளுக்கு ஐந்து கிலோமீட்டர் நடப்பவருக்கு இது சிரமமே இல்லை. தாயாரை அழைத்துச் செல்லாதீர்கள். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் நகரம் முழுவதும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கி, அதற்கப்பால் கடலும் கடலுக்குள் ரேம்பியன் காற்றாலைகளும் தெரியும். 116 காற்றாலைகள், கரையிலிருந்து 13 கிலோமீட்டருக்கும் அப்பால் நடப்பட்டவை.

அனைவரும் சேர்ந்து போக வேண்டுமென்றால் டெவில்ஸ் டைக். நகர மையத்திலிருந்து 77-ஆம் எண் பேருந்து உச்சி வரைக்கும் போகிறது. கோடையில் நாள்தோறும் உண்டு, மற்ற மாதங்களில் வார இறுதிகளைப் பார்த்துப் போக வேண்டும். கடலைக் கொண்டுவந்து உள்நாட்டுத் தேவாலயங்களை மூழ்கடிக்கச் சாத்தான் இரவோடிரவாக வெட்டிய பள்ளம் என்றும், ஒரு மூதாட்டி மெழுகுவர்த்தி ஏற்றியதைக் கண்டு விடிந்துவிட்டது என்று எண்ணி ஓடிவிட்டான் என்றும் கதை. பனியூழிக் காலத்தில் உறைந்துகிடந்த சுண்ணப்பாறையின் மேல் உருகிய நீர் அரித்த வறண்ட பள்ளத்தாக்கு என்பது புவியியல். ஏறத்தாழ நூறு மீட்டர் ஆழம். மகளிடம் கதையைச் சொல்லுங்கள், தாத்தாவிடம் புவியியலை விடுங்கள். 1887 முதல் 1938 வரை இங்கே தனி ரயில் பாதையே இருந்ததென்றால் எவ்வளவு கூட்டம் வந்திருக்கும் என்று எண்ணிக்கொள்ளலாம். இப்போது பாராகிளைடர்கள் தலைக்கு மேல் சத்தமின்றி வட்டமிடுகிறார்கள். உணவகத்தின் முன்னாலுள்ள மேசையிலிருந்தே தாயாரும் முழுக் காட்சியையும் பார்க்கலாம்.

செவன் சிஸ்டர்ஸ் வெண்பாறைகளைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். ஈஸ்ட்போர்ன் போகும் 12-ஆம் எண் பேருந்தின் மாடியில் முன்னிருக்கை கிடைத்தால் அந்தப் பயணமே ஒரு காட்சி. ஆனால் போய்வர ஒருநாளை முழுதாக விழுங்கும். உங்கள் இரண்டு நாளில் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. போனாலும் விளிம்பிலிருந்து பல அடி தள்ளி நில்லுங்கள்; அடிப்பகுதி அரிக்கப்பட்டு, மேலே புல் மட்டும் தரைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் இருக்கின்றன.

நாலாம் பிளாட்பாரம்

மேட்டுநடை அவர்களுக்கு: நான்கு முறை வந்தும் சத்திரி என்ற ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ஒருநாள் போதும் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் வார நாளில் தங்குங்கள் என்ற திருத்தத்தோடு. சனிக்கிழமை இரவில் கடற்கரைச் சாலை அறைகளில் தூங்க முடியாது. ஆகஸ்ட் தொடக்கத்தில் பால்புதுமையரின் பிரைடு விழா வார இறுதி வருகிறது. அணிவகுப்பைப் பார்க்க விரும்பினால் அதற்கென்றே வாருங்கள், இல்லையென்றால் அந்த இரு நாளையும் தவிர்த்துவிடுங்கள்.

ஹோவ்வாசி

ஐ360 பற்றி: 162 மீட்டர் உயரத் தூணில் வளையம்போன்ற கண்ணாடி அறை 138 மீட்டர் வரை ஏறி இறங்கும். 2016-இல் திறந்தார்கள், கடன் சுமையால் 2024 இறுதியில் மூடி, புதிய உரிமையாளரின் கையில் மறுபடி திறந்தது. தெளிவான மாலையில் மோசமில்லை. ஆனால் மேட்டுநடை சொன்ன மேட்டின் மேல் இதைவிட நல்ல காட்சி காசில்லாமல் கிடைக்கிறது. ஆகவே நீங்கள் கேட்ட "எதை விடலாம்" பட்டியலில் முதல் இடம் இதற்கு.

அதன் எதிரே கடலுக்குள் நிற்கும் இரும்பு எலும்புக்கூட்டை மட்டும் பார்க்காமல் போகாதீர்கள். 1866-இல் யூஜினியஸ் பர்ச் கட்டிய மேற்குக் கடற்பாலம் அது. 1975-இல் மூடப்பட்டு, 2002 இறுதியில் ஒரு பகுதி சரிந்து, 2003-இல் இருமுறை எரிந்தது. குளிர்கால மாலைகளில் நம் சூறைக்குருவிக்கு உறவான ஸ்டார்லிங் பறவைகள் ஆயிரக்கணக்கில் கடற்பாலங்களுக்கு மேலே புகைபோலச் சுருண்டு விரியும். அது ஆகஸ்டில் கிடைக்காது. அதே பர்ச் வரைந்த மீன்காட்சியகம் 1872 முதல் இயங்குகிறது. மழை பெய்தால் மகளை அங்கே அழைத்துச் செல்லலாம், வெயிலடித்தால் வேண்டாம்.

உப்புக்காற்று

அம்மாவின் உணவுக்குக் கவலையே வேண்டாம். இங்கிலாந்தில் சைவத்திற்கு இவ்வளவு இடம் கொடுக்கும் ஊர்கள் குறைவு. பால்கூடச் சேர்க்காத உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. நிலையத்திலிருந்து இறங்கியதும் இடப்பக்கம் விரியும் நார்த் லெய்ன் பகுதியில் தேடுங்கள். இதையும் கடலருகே உள்ள லேன்ஸ் பகுதியையும் குழப்பிக்கொள்ளாதவர் கிடையாது. லேன்ஸ் என்பது பழைய மீனவர் ஊரின் குறுகிய சந்துகள், இப்போது நகைக்கடைகள். லெய்ன் என்பது சசெக்ஸ் வட்டார வழக்கில் மேட்டின் அடிவாரத்து வயல்வெளி. இப்போது பழைய துணி, பழைய இசைத்தட்டு, காப்பிக்கடை.

ஒரே எச்சரிக்கை: கரையோரக் கடைகளில் உருளைக்கிழங்கு வறுவல் சைவம் என்று எண்ணி வாங்காதீர்கள். சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள், சில கடைகளில் மீன் பொரித்த எண்ணெயிலேயே போடுவார்கள். கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள். வாங்கியபின் கூரைக்குக் கீழே நின்று சாப்பிடுங்கள். கடற்காகங்கள் பின்னாலிருந்து வந்து கையிலிருந்தே பறித்துப் போகும்.

ஏடும் எழுத்தும்

ஒரு சிறு பின்னிணைப்பு. லெய்ன் பக்கம் போகிறவர்கள் பத்து நிமிடம் மேலே நடந்து புனித நிக்கோலஸ் தேவாலயத் தோட்டத்தையும் பார்க்கலாம். பாட்னாவில் 1759-இல் பிறந்து, ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட முதல் இந்தியராகி, 1810-இல் லண்டனில் இந்திய உணவகம் நடத்தி நொடித்துப்போய், பிறகு பிரைட்டனில் நீராவிக் குளியலும் உடல்பிடித்தலும் நடத்திப் புகழ்பெற்ற ஷேக் தீன் முகமது அங்கே அடக்கமாகியிருக்கிறார். இரண்டு மன்னர்களுக்கு "ஷாம்பூ மருத்துவர்" என்ற பதவி வகித்தவர். ஷாம்பூ என்ற சொல் அப்போது தலைக்கு நுரை போடுவதைக் குறிக்கவில்லை. இந்தியில் அழுத்திப் பிடித்துவிடுவது என்ற பொருளிலேயே வழங்கியது. அவருடைய குளியல் மாளிகை, இன்று கடற்கரைச் சாலையில் குயின்ஸ் ஹோட்டல் இருக்கும் இடத்தில் இருந்தது.

வெண்ணாற்றங்கரை

போய்வந்துவிட்டோம், ஆலோசனை சொன்னவர்களுக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியது முறை.

செவ்வாயும் புதனும் தங்கினோம். அரண்மனையில் மூன்றரை மணி நேரம் ஆயிற்று. சமையலறையில் தாயார் செம்புப் பாத்திரங்களைப் பார்த்து, "இத்தனைக்கும் புளி போட்டுத் துலக்கியது யார்?" என்று கேட்டார், அங்கே நின்ற பணியாளருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன், அவர் நெடுநேரம் சிரித்தார். கடற்பாலத்தில் விளையாட்டுக் கூடத்திற்குள் போகாமல் இருக்க முடியவில்லை, எட்டு வயது. வோல்க் ரயிலில் இருமுறை போனோம். பேருந்துகளின் முகப்பில், இந்நகரோடு தொடர்புடைய மறைந்த மனிதர்களின் பெயர் எழுதியிருப்பதை மகள் கண்டுபிடித்து, இரண்டு நாளில் முப்பத்தொரு பெயரைக் குறித்து வைத்திருக்கிறாள். இதை நீங்கள் ஒருவரும் சொல்லவில்லை! கடலில் வற்று வேளையில் இறங்கினாள். மணல் இல்லை என்ற புகாரை முதல் அலையிலேயே மறந்துவிட்டாள்.

மறுநாள் காலை தாயாரையும் மகளையும் என் மனைவியோடு டெவில்ஸ் டைக்கில் விட்டுவிட்டு, தந்தையாரும் நானும் மட்டும் சத்திரிக்கு ஏறினோம். வழியில் இரண்டு இடங்களில் பாதை தவறியது. மேட்டுநடை அவர்கள் சொன்னபடி எல்லாக் கதவுகளையும் மூடிவிட்டுத்தான் நடந்தோம். மேலே எங்களைத் தவிர ஒருவரும் இல்லை, ஆடுகள் மட்டும் இருந்தன. தந்தையார் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெயர்க்கல்லின் முன் நின்று, பள்ளியில் வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல் ஐம்பத்து மூன்று பெயர்களையும் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். காற்று பலமாக இருந்ததால் பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

இறங்கும்போது செவன் சிஸ்டர்ஸுக்கு எந்த மாதம் நல்லது என்று கேட்டார். மேட்டுநடை அவர்கள் சொன்னால் அடுத்த ஆண்டுப் பயணச்சீட்டை அதற்கேற்ப எடுத்துவிடுவேன்.

மேட்டுநடை

மே மாதக் கடைசி. காட்டுப்பூ பூத்திருக்கும், கூட்டம் தொடங்கியிருக்காது. 12-ஆம் எண் பேருந்திலிருந்து எக்சீட் நிறுத்தத்தில் இறங்கினால் குக்மியர் ஆற்றோரமாகக் கடல் வரை சமதளப் பாதை போகிறது. இம்முறை தாயாரையும் அழைத்து வாருங்கள்.